கிணற்றை மூடிய தந்தி

1

"இந்தத் தண்ணீரின் மதிப்பு எவ்வளவு?" என்று ஹாம்பர்க் சுங்க அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் பெயருக்கு வந்த பார்சலைப் பிரித்து வைத்திருந்தார். மரத்தூளுக்கு நடுவே ஒரு கண்ணாடி பாட்டில். வாயில் கார்க், கார்க்குக்கு மேல் மெழுகு, மெழுகுக்கு மேல் துணி, துணியைச் சுற்றிச் சணல் கயிறு. பாட்டிலில் ஒட்டிய காகிதத்தில் 'திருவொற்றியூர் கிணறு' என்று என் அக்காவின் குண்டு குண்டான கையெழுத்து.

மதிப்பு ஒன்றும் இல்லை என்றேன். மதிப்பு இல்லாத பொருளுக்கு இங்கே படிவமே கிடையாது என்றார். அப்படியானால் நீங்களே ஒரு மதிப்புப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அது சட்டப்படி உங்கள் வேலை என்றார்.

"சரி, இது யாருடைய தண்ணீர்?"

"என் அக்காவின் தண்ணீர்."

அவர் பாட்டிலின் மேலிருந்த கையை மெதுவாக எடுத்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கா கொண்டு போகிறீர்கள்?" என்று தணிந்த குரலில் கேட்டார். அவர் என்ன நினைத்துவிட்டார் என்பது எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. மூன்று வருடமாக ஜெர்மன் மொழியில் பேசுகிறேன், கனவில்கூட எண்களை இவர்கள் மாதிரி 'நான்கும் இருபதும்' என்று தலைகீழாக எண்ணுகிறேன். ஆனால் அவசரம் என்று வந்தால் வாய் இப்படித்தான் கவிழ்த்துவிடுகிறது. குடிக்கிற தண்ணீர், கிணற்றிலிருந்து எடுத்தது, என்று கையால் கயிறு இழுத்துக் காட்டினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கடைசியில் 'ஆராய்ச்சிப் பொருள்' என்று ஒரு தாளைக் கண்டுபிடித்து, இரண்டு முத்திரை குத்தி, என்னிடம் தள்ளினார். பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு டிராம் ஏறினேன். திருவொற்றியூரிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்த தண்ணீர் அது. சூயஸ் கால்வாய் மூடிக்கிடப்பதால் இப்போது எல்லாக் கப்பலும் அப்படித்தான் வருகின்றன.

2

அங்கே உட்கார்ந்து என்னதான் செய்கிறாய் என்று ஊரிலிருந்து வரும் எல்லாக் கடிதங்களிலும் ஒரு வரி இருக்கும். 'தண்ணீரில் உலோகம் தேடுகிறேன்' என்று எழுதினால், தங்கம் கிடைத்ததா என்று பதில் வரும். எனவே இந்த முறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

பார்ஃபிரின் என்று ஒரு பொருள். இரத்தத்தைச் சிவப்பாக்குவதும் இலையைப் பச்சையாக்குவதும் இந்தக் குடும்பம்தான். வடிவம் என்று பார்த்தால் ஒரு வளையம், நடுவில் ஒரு குழி. இரத்தத்தில் அந்தக் குழியில் இரும்பு உட்கார்ந்திருக்கிறது. இலையில் மக்னீசியம். நாங்கள் ஆய்வகத்தில் செய்கிற வளையத்தில் குழி காலியாக இருக்கும். அதைத் தண்ணீரில் கலந்தால், தண்ணீரில் கரைந்திருக்கும் உலோக அயனி வந்து குழியில் விழும். விழுந்ததும் நிறம் மாறும். அந்த நிறத்தை ஒரு கருவி அளந்து, பேனா முனையால் காகிதச் சுருளில் மலை மாதிரி ஒரு முகடு வரையும். கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத அளவு உலோகத்தைக்கூட இது காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் ஊர் ராயபுரத்துக்காரர்களுக்குக் கேரம் போர்டை வைத்துச் சொன்னால் போதும். காய் குழியில் விழுந்தால் சத்தம் கேட்கிறதல்லவா, இங்கே சத்தத்துக்குப் பதில் நிறம். ஆனால் எல்லாக் காயும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. துத்தநாகம் குழியில் விழும். கொஞ்சம் அமிலம் விட்டால் எகிறி வெளியே வந்துவிடும். தாமிரம் விழுந்தால் விழுந்ததுதான், அமிலத்துக்கெல்லாம் அசையாது. ஆகவே மருந்தைத் தண்ணீரில் கலந்து சூடாக்கி, ஆறவைத்து, அமிலம் விட வேண்டும். குழி காலியாக இருந்தால் கரைசல் பச்சையாகிவிடும். தாமிரம் உட்கார்ந்திருந்தால் சிவப்பாகவே நிற்கும். ஈயத்துக்கு வேறு வழி உண்டு. அது வந்தால் முகடு எங்கேயோ தள்ளிப்போய் எழும்.

இந்த வளையத்தைச் செய்வதுதான் எனக்குப் பிடித்த வேலை. கொதிக்கிற ஒரு புளித்த அமிலத்தில் இரண்டு திரவங்களை ஊற்றி அரை மணி நேரம் விட்டால் தார் மாதிரி கறுப்பாகிவிடும். ஆறவைத்து வடிகட்டினால் அடியில் கத்தரிப்பூ நிறத்தில் படிகங்கள் மினுக்கும். அந்த அமிலத்தின் நாற்றம் தாங்காமல் என்னோடு வேலை செய்யும் ஹெல்கா ஜன்னலைத் திறந்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுவாள். காசிமேட்டில் கருவாடு காயும் வழியாகப் பள்ளிக்கூடம் போனவளுக்கு அதெல்லாம் ஒரு நாற்றமா?

3

லூர்து அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணம் ஆகி ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்குப் போனவள். சேவியர் மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வீட்டில் மாமாவின் அம்மாவும் உண்டு. நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். முழங்கால் வலிக்காரர், வாய் மட்டும் நன்றாக ஓடும். அவர்கள் வீட்டுக்கும் பக்கத்து மூன்று வீடுகளுக்கும் சேர்த்துப் பின்புறம் ஒரே கிணறு.

அக்காவுக்கு இரண்டு தடவை ஏழாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போய்விட்டது. தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருத்தி கண் பட்டுவிட்டது என்றாள். ஒருத்தி மாதாவுக்குச் செய்ய வேண்டிய நேர்த்தி பாக்கி இருக்கிறது என்றாள். ஆஸ்பத்திரியில் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த தடவை ஜாக்கிரதை என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

இந்த வருடம் அக்கா எழுதிய கடிதத்தில் மூன்றாவதாக உண்டாகியிருப்பதைச் சொல்லிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள். 'கிணற்றுத் தண்ணீர் இப்போதெல்லாம் ஒருமாதிரி ருசிக்கிறது. சுவருக்குப் பின்னால் முலாம் பூசுகிற பட்டறை ஒன்று வந்து சில வருடம் ஆகிறது, அதனாலோ என்னவோ.'

எனக்கு அந்த ஒரு வரி போதும். முலாம் பட்டறை என்றால் தாமிரம், துத்தநாகம். யாருக்குத் தெரியும், ஈயமும்கூட. உலகத்தில் சில பேருக்கு மட்டும் செய்யத் தெரிந்த சோதனை என் மேசையில் இருக்கிறது, என் அக்காவோ அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கே கடிதம் எழுதினேன். புதுக் கண்ணாடி பாட்டில் வாங்கவும், வெந்நீரில் மூன்று தடவை கழுவவும், சோப்பு கூடாது, கழுத்து வரை நிரப்பவும், காற்றுப் புகாமல் மூடவும், எங்கள் தெரு அந்தோணி அண்ணன் கப்பலில் கொடுத்துவிடவும். இத்தனையும் நம்பர் போட்டு எழுதினேன். அந்தோணி அண்ணன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்காரர். அவர் கப்பல் பக்கத்து ஊரான ப்ரேமன் துறைமுகத்துக்கு வந்து, எஞ்சின் பழுதாகி, அங்கேயே வாரக்கணக்கில் நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் பாட்டிலை அங்கிருந்து தபாலில் போட்டுவிட்டார். கப்பலிலிருந்து இறங்கிய பொருள் என்று அதுதான் சுங்க அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது.

4

சோதனை செய்த அன்று ஹெல்கா பக்கத்தில் நின்றாள். அவள் எதையும் நிதானமாகச் செய்கிறவள். நான் இரண்டு குடுவை முடிப்பதற்குள் அவள் ஒன்றின் மேல் பெயர் எழுதி முடித்திருப்பாள்.

"இதை எந்தப் பாத்திரத்தில் எடுத்தார்கள்?" என்று கேட்டாள்.

"புதுக் கண்ணாடி பாட்டில். நான்தான் சொல்லி அனுப்பினேன்."

"பாட்டிலுக்கு முன்னால்?"

"பாட்டிலுக்கு முன்னால் கிணறுதான்" என்றேன். இந்தப் பதிலைச் சொல்ல எனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை.

ஹாம்பர்க் குழாய்த் தண்ணீர் ஒரு குடுவையிலும் திருவொற்றியூர்த் தண்ணீர் இன்னொன்றிலும். மருந்து விட்டோம், சூடாக்கினோம், ஆறவைத்தோம். அமிலம் விட்டதும் ஹாம்பர்க் தண்ணீர் பாசி மாதிரி பச்சையானது. திருவொற்றியூர்த் தண்ணீர் சிவப்பாகவே நின்றது. இன்னும் கொஞ்சம் அமிலம் விட்டேன். அசையவில்லை. ஈயம் இல்லை, துத்தநாகம் இருந்தது, தாமிரம் அதைவிட அதிகமாக இருந்தது. பேனா முனை வரைந்த கோட்டின் மேல் விரலை வைத்து இரண்டு தடவை பார்த்தேன்.

"இன்னொரு பாட்டில் வரட்டும்" என்றாள் ஹெல்கா. "ஒரு பாட்டிலை வைத்து எதையும் சொல்லக் கூடாது."

"இன்னொரு பாட்டில் வருவதற்குள் அக்கா இன்னும் எத்தனை பாட்டில் குடிப்பாள்?"

நான் மேலங்கியைக் கழற்றாமலேயே தபால் நிலையத்துக்கு ஓடினேன். 'கிணற்றுத் தண்ணீர் குடிக்காதீர்கள். கடிதம் வருகிறது. ஸ்டெல்லா.' அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். படித்த படிப்பு ஒருநாளாவது வீட்டுக்கு உதவியது என்று நினைத்துக்கொண்டேன்.

5

இரண்டு வாரம் கழித்து மாமாவின் கடிதம் வந்தது. மாமா எனக்குத் தனியாக எழுதியது அதுவே முதல் தடவை.

'அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு, சேவியர் மாமா எழுதுவது. நீ கொடுத்த தந்தி கிடைத்தது. தந்திக்காரரைப் பார்த்ததும் அம்மா அது என்ன ஏது என்று கேட்காமலேயே மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். உனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எழுந்தார்கள். அன்றைக்கே கிணற்றின் மேல் பலகை போட்டு ஆணி அடித்துவிட்டேன். நான்கு வீட்டாருக்கும் இப்போது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருக்குழாய்தான். விடியற்காலையில் இரண்டு மணி நேரம் வரும். எனக்கு இந்த மாதம் முழுக்க இரவு ஷிப்ட். மாற்றிக் கேட்டேன், கிடைக்கவில்லை. அம்மாவால் தண்டவாளம் தாண்ட முடியாது. லூர்துதான் போய் வருகிறாள். ஒரு நாளைக்கு நான்கு குடம். பக்கத்து வீட்டாரிடம் கேட்டுப் பார்த்தேன். தங்கச்சி தந்தியடித்து மூடினாள், அக்கா சுமக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் உனக்கு எழுதக் கூடாது என்று லூர்து சொல்லியிருக்கிறாள். நீ அவளைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். இந்த மாதம் ஏழு.'

டிராமில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் நடத்துநர் வந்து தோளைத் தட்டினார்.

அம்மா இருந்திருந்தால் அக்காவை ராயபுரத்துக்கு அழைத்து வந்திருப்பாள். அம்மா போய் ஐந்து வருடம் ஆகிறது. அப்பா சித்தி வீட்டு மாடியில் ஒரு அறையில் இருக்கிறார். கிணறு கெட்டது என்றால் அக்கா குடம் சுமக்க வேண்டும். கிணற்றைத் திற என்றால் அந்தச் சிவப்புத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். இரண்டில் எது ஆனாலும் அது நான் எழுதிக் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

6

அந்த வாரக் கடைசியில் அந்தோணி அண்ணன் வந்து நின்றார். கப்பலைப் பழுது பார்த்து ஹாம்பர்க்குக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். என் விடுதி வாசலில், யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள், மப்ளரைத் தலையில் முண்டாசு மாதிரி கட்டிக்கொண்டு நின்றார். கையில் ஒரு பை அப்பளம்.

"இன்னாம்மா ஸ்டெல்லா, இப்டி எளச்சுப் பூட்டே. சோறு துன்றியா, இல்ல இவனுங்க மாதிரி ரொட்டிய நக்கினு கெடக்கிறியா?"

உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். ஊர்க்கதை எல்லாம் சொன்னார். எண்ணூர்ப் பக்கம் புதுப் புகைபோக்கி வந்ததிலிருந்து துணி காயப்போட்டால் கரி படிகிறது, குப்பை எரிக்கிற புகை காற்றுத் திரும்பினால் தெருவுக்குள் வருகிறது, பங்குச் சாமியார் மாறிவிட்டார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மாமாவின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தத் தண்ணிக்கா இவ்ளோ பேஜாரு? நல்லாத்தானே இருந்திச்சி. நானே ஒரு சொம்பு குடிச்சேனே."

"நீங்க குடிச்சீங்களா?"

"கெணத்தாண்ட நின்னுகினு இருந்தேன், தாகமா இருந்திச்சி, வாளியில மொண்டு குடிச்சேன். அதுக்கே உங்க அத்த ஒரு பாட்டு வுட்டாங்க. சீமைக்கிப் போற தண்ணிய எடுக்க வந்தா நீ வாய வெக்கிறியேன்னு."

"சரி, அப்புறம் அந்த வாளியிலேர்ந்து பாட்டில்ல ஊத்தினீங்க."

"வாளியிலேர்ந்தா? இன்னாம்மா நீ. ஓட்ட வாளி அது, தகரம். அத்தப் போயி வெளிநாட்டுக்கு மொண்டு குடுப்பாங்களா? மருவாதி வாணாமா? உங்க அக்கா கல்யாணத்துக்கு உங்கப்பா சீரு குடுத்தாரே, பித்தளக் கொடம், அத்தப் பரண்லேர்ந்து எறக்குனாங்க. வருசத்துக்கு ஒரு தபா மாதா தேருக்குத்தான் அது வெளிய வரும். அத்தயே உக்காந்து புளியப் போட்டுத் தேய் தேய்னு தேச்சாங்க. மூஞ்சி பாக்கலாம், அப்டி ஜொலிக்கிது."

நான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, அந்தக் கொடத்துல தண்ணி எவ்ளோ நேரம் இருந்திச்சி?"

"எவ்ளோ நேரமா? மூணு நாளு. அன்னிக்கிப் போனா கப்பலு கெளம்பல, சரக்கு ஏறல. சரி நாளைக்கி வாறேன்னு பூட்டேன். நாளைக்கும் கெளம்பல. மூணாம் நாளு போயிதான் கொடத்துலேர்ந்து பாட்டில்ல ஊத்திகினு வந்தேன். அதுவரிக்கும் கொடத்து மேல வெள்ளத் துணி கட்டி, மாதா படத்தாண்ட வெச்சிருந்தாங்க. ஒரு ஈ ஒக்காரல, சத்தியமா."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் பயந்துவிட்டார்.

"இன்னாம்மா, நான் எதுனா தப்பா பண்ணிட்டனா?"

"நீங்க இல்லண்ணே. நான்."

பித்தளை என்றால் என்ன? தாமிரமும் துத்தநாகமும், தாமிரம் கூட, துத்தநாகம் குறைச்சல். அந்தக் காகிதச் சுருளில் பேனா முனை எனக்கு வரைந்து காட்டியதும் அதுதான். புளியின் அமிலம் பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்கும்போதே அதைக் கொஞ்சம் கரைக்கவும் செய்யும். அதில் மூன்று நாள் தண்ணீர் நின்றிருக்கிறது. பாட்டிலைக் கழுவ நம்பர் போட்டு எழுதியவள், கிணற்றுக்கும் பாட்டிலுக்கும் நடுவே என் வீட்டார் என்ன செய்வார்கள் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. நல்ல காரியத்துக்கு நல்ல பாத்திரத்தை எடுப்பவர்கள் அவர்கள். இது ஹெல்காவுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"தினமும் குடிக்கிறது எதிலண்ணே? அந்தக் கொடத்துலயா?"

"சீச்சீ. அது மம்பானை. கொடந்தான் மறுபடியும் பரணுக்குப் பூட்ச்சே."

7

அப்போதே ஓடிப்போய்க் கிணற்றைத் திறக்கச் சொல்லித் தந்தி கொடுக்கத்தான் நினைத்தேன். தபால் நிலையத்தில் படிவத்தைப் பூர்த்திகூடச் செய்துவிட்டேன். பிறகு அதைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். 'குடம் வேண்டாம். பாட்டிலையே கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கி நிரப்பி விமானத் தபாலில் அனுப்பவும். அக்கா சுமக்க வேண்டாம்.' போன தடவை ஓடிய ஓட்டம் போதும் என்று தோன்றியது.

திங்கட்கிழமை அந்தோணி அண்ணன் கப்பல் சமையற்காரரின் பித்தளைச் செம்பையும் ஒரு உருண்டைப் புளியையும் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செம்பைத் தேய்த்தார். ஹெல்கா குனிந்து புளியை வாசனை பார்த்துவிட்டு, இது எந்த மரத்தில் விளைகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு இன்னா எழுதுது?"

"நீங்க தேய்க்கிறதத்தான்."

"அப்போ நல்லா தேய்க்கணும்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

செம்பில் ஹாம்பர்க் தண்ணீரை ஊற்றி, வெள்ளைத் துணி கட்டி, மூன்று நாள் வைத்தோம். நான்காம் நாள் மருந்து, சூடு, அமிலம். சிவப்பு. அதே முகடு, அதே இடத்தில்.

"பார்" என்றேன் ஹெல்காவிடம்.

"பார்த்தேன்" என்றாள். "இப்போது செம்பைச் சோதித்துவிட்டோம். கிணற்றை இன்னும் சோதிக்கவில்லை."

அவள் சொன்னது சரிதான். குடம் கெட்டது என்பதால் கிணறு நல்லது என்று ஆகிவிடாது. அந்தப் பட்டறை இன்னும் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. புதுப் பாட்டிலுக்காகக் காத்திருந்த பத்து நாளும் காலையில் டிராம் ஏறும்போதெல்லாம் ஊரில் இப்போது மணி என்ன என்று கணக்குப் போடுவேன். இங்கே ஏழரை என்றால் அங்கே மத்தியானம். நான் வேண்டாம் என்று எழுதியும் வேறு ஆள் இல்லாமல் அக்காதான் போயிருப்பாள், தண்டவாளம் தாண்டி வந்து சேர்ந்திருப்பாள். சேர்ந்திருக்க வேண்டும்.

பாட்டில் வந்தது. மறுபடியும் சுங்க அலுவலகம், மறுபடியும் அதே மனிதர். என்னைப் பார்த்ததும் தாளை அவரே எடுத்து அவரே நிரப்பினார். "அக்கா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். இன்று மாலை தெரியும் என்றேன். உடனே முத்திரை குத்தினார்.

இந்த முறை நான் அவசரப்படவில்லை. ஒரே தண்ணீரை ஐந்து குடுவையில் பிரித்துக்கொண்டோம். குழாய்த் தண்ணீர் ஒன்று, செம்புத் தண்ணீர் ஒன்று, ஒப்பிடுவதற்கு. அமிலத்தை ஹெல்காவை விடச் சொன்னேன். முதல் குடுவை பச்சை. இரண்டாவது பச்சை. ஐந்தும் பச்சை. செம்புத் தண்ணீர் மட்டும் தனியாகச் சிவந்து நின்றது. ஈயத்துக்கும் துத்தநாகத்துக்கும் பார்த்தோம், முகடு எழவில்லை. போதாது என்று பக்கத்துக் கட்டடத்தில் தீச்சுடரில் உலோகம் பார்க்கும் கருவிக்கும் ஒரு குடுவையைக் கொண்டுபோனோம். அங்கேயும் அதே பதில். உப்புத்தான் கொஞ்சம் ஏறியிருந்தது. அக்காவின் நாக்கில் பட்டது அதுதான் போலிருக்கிறது. கடல் பக்கத்திலிருக்கும் கிணறு, மழை பெய்தால் குறையும்.

தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். 'கிணறு நல்லது. குடிக்கலாம். தவறு என்னுடையது. ஸ்டெல்லா.' உள்ளே இருந்த பெண் சொற்களை எண்ணிவிட்டு, பெயருக்கு முன்னால் இருக்கும் இரண்டை எடுத்தாலும் செய்தி புரியும், குறைத்துக்கொள்ளலாமே என்றாள். அவை இருக்கட்டும் என்றேன். நான்கு வீட்டாருக்கும் சேவியர் மாமா அதைத்தான் முதலில் படித்துக் காட்ட வேண்டும்.

ஆய்வகத்தில் மாதிரிகளைப் பதிவு செய்யும் நோட்டில் இப்போது ஒரு பத்தி கூடியிருக்கிறது. 'தண்ணீர் முதலில் எந்தப் பாத்திரத்தில் எடுக்கப்பட்டது? அதை யார், எதைக் கொண்டு கழுவினார்கள்?' ஹெல்கா தன் அழகான கையெழுத்தில் கோடு போட்டு எழுதினாள். எல்பே ஆற்றுத் தண்ணீர் கொண்டுவருகிறவர்களும் அதை நிரப்பித்தான் ஆக வேண்டும். ஏன் இப்படி என்று கேட்டால் என்னைக் கைகாட்டுகிறாள்.

8

இன்று அக்காவின் கடிதம் வந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பலகையைப் பிடுங்கிய அன்று நான்கு வீட்டாரும் கிணற்றடியில் நின்றார்களாம். யாரும் வாளியைத் தொடவில்லையாம். அத்தைதான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து, முதலில் ஒரு செம்பு குடித்துவிட்டு, 'ஏன்டி, சாவற மாதிரியா கீறேன், மொண்டுகினு போங்கடி' என்றாராம். குடத்தைப் பற்றி மட்டும் இன்னும் கோபம் தீரவில்லை. 'அவ்ளோ பாடுபட்டுத் தேச்சேன், அதயே தப்புன்னுட்டாளே ஒன் தங்கச்சி. தேய்க்காம குடுத்திருந்தா அழுக்குப் புடிச்ச குடும்பம்னு அந்த ஊர்க்காரன் சொல்லமாட்டானா?' என்று தினமும் ஒரு தடவை கேட்கிறாராம். அதற்கு அக்கா என்னைப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறாள். எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

முன்னால் இரண்டு குழந்தைகள் ஏன் தங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துவிட்டது என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். என் வளையத்தின் குழியில் விழாத காரணங்கள் எத்தனையோ இருக்கும். கிணறு காரணமில்லை என்பது மட்டும் தெரியும். அக்கா மாதிரி ஒருத்திக்கு அந்த ஒன்றைச் சொல்ல முடிந்ததே பெரிது என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அத்தை புளி வாங்க ஆள் அனுப்பியது, மாமாவுக்குப் பகல் ஷிப்ட் கிடைத்தது, தண்ணீர் இறைக்கப் பக்கத்து வீட்டு ரோசியே வந்து நிற்பது, எல்லாம் எழுதிவிட்டு, கீழே இடம் இல்லாததால் ஓரத்தில் குறுக்காக ஒரு வரி. 'நேற்றோடு ஏழு முடிந்து எட்டாம் மாதம் பிறந்துவிட்டது.'

எங்கள் வீட்டிலிருந்து இப்படி ஒரு வரி இதற்கு முன் எனக்கு வந்ததில்லை.